கோமளா கையெழுத்துப் போட்ட வீடு

நாற்பத்து மூன்று வயதுவரை கோமளாவிடம் ஒரு வீட்டுச் சாவிகூட இருந்ததில்லை. தேவைப்படவில்லை. பத்து பாகாட் என்ற ஊரில் அவள் பிறந்த வீட்டில் எப்போதும் யாராவது இருந்தார்கள். முதலில் அப்பாவும் அம்மாவும். அவர்கள் போன பிறகு அண்ணன் சிவகணேசன், அண்ணன் மனைவி விஜிதா, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். வேலை முடிந்து வந்து வாசல் கேட்டுக்கு அருகே நின்று கூப்பிட்டால் யாராவது வந்து திறப்பார்கள். மழையில் நனைந்தபடி நின்ற நாள்களும் உண்டு. அப்போதும் தனக்கென்று ஒரு சாவி கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதில்லை.

வீட்டின் நடு அறை அவளுடையது. பேச்சுக்கு அப்படிச் சொல்லலாம். ஜன்னல் இல்லாத அந்த அறையில்தான் இஸ்திரி மேசை இருந்தது. பிள்ளைகளின் பழைய பாடப் புத்தகங்களும், தீபாவளிக்கு மட்டும் வெளியே வரும் பெரிய பாத்திரங்களும் அங்கேதான். காலையில் சட்டை தேய்க்க அண்ணன் வருவார். பின்னேரம் எதையாவது தேடிக்கொண்டு பிள்ளைகள் வருவார்கள். கதவைத் தட்டும் பழக்கம் யாருக்கும் இல்லை. கதவுக்குத் தாழ்ப்பாளும் இல்லை.

ஊரிலேயே ஒரு ஆடைத் தொழிற்சாலையில் அவள் இருபது வருடமாகத் தரம் பார்க்கும் வேலையில் இருந்தாள். தைத்து வரும் சட்டைகளை வெள்ளை மேசையில் விரித்து, தையல் விட்ட இடம், பொத்தான் சாய்ந்த இடம், நூல் தொங்கும் இடம் என்று ஒவ்வொன்றிலும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவாள். அம்பு காட்டும் இடத்தைத் தையல்காரர்கள் பிரித்துச் சரி செய்ய வேண்டும். கோமளாவின் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது என்று பெயர். வாயைத் திறந்து அவள் யாரையும் கடிந்ததில்லை. ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அடுத்த சட்டையை எடுப்பாள், அவ்வளவுதான்.

அந்தப் பெயரைக் கேள்விப்பட்டுத்தான் இரண்டு மணி நேரத் தூரத்தில் பாசிர் கூடாங்கில் மருத்துவமனைகளுக்கு உடை தைக்கும் ஒரு கம்பெனி அவளைக் கூப்பிட்டது. புதிதாகச் சேரும் பெண்களுக்குத் தரம் பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஆகஸ்ட் முதல் தேதி வேலையில் சேர வேண்டும். வீட்டில் சொன்னாள். எங்கே தங்குவாய் என்று அண்ணன் கேட்டார். கம்பெனி ஹாஸ்டல் இருக்கிறது என்று அவள் சொன்னாள். அப்படி ஒரு ஹாஸ்டல் கிடையாது. அந்தப் பொய்யை அவள் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது, சொல்லிவிட்டாள். தனியாக ஒரு வீடு எடுக்கப் போகிறேன் என்று சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

ஜூலை தொடக்கத்தில், புது வேலைக்கான தாள்களைக் கொடுக்கப் போன அன்று, குணாளன் என்ற வீட்டு ஏஜண்ட் அவளைக் கம்பெனிக்குப் பக்கத்திலுள்ள பெர்மாஸ் ஜெயாவுக்கு அழைத்துப் போனான். ஒற்றை மாடி வரிசை வீடு. இரண்டு அறை. முன்னறையில் தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல். அவன் கூரை, தண்ணீர், கார் நிறுத்தும் இடம் என்று பேசிக்கொண்டே போனான். கோமளா படுக்கையறைக் கதவருகே நின்றுவிட்டாள். கதவின் உட்பக்கம் பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்று இருந்தது. போட்டுப் பார்த்தாள். எடுத்தாள். மறுபடி போட்டாள். குணாளன் வெளியிலிருந்து, அக்கா, உள்ளே மாட்டிக்கிட்டீங்களா என்று கேட்டான்.

வீட்டுக்காரர் சிகப்பி ஆச்சி அதே தெருவில், நான்கு வீடு தள்ளி இருந்தார். செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். கணவர் இல்லை, மகன் சிங்கப்பூரில். வாடகைக்கு வருபவரின் முகத்தைப் பார்க்காமல் சாவி கொடுக்க மாட்டார் என்று குணாளன் சொல்லியிருந்தான். ஆச்சி வந்தபோது கோமளா பழக்கத்தில் கைப்பையிலிருந்து அம்புக்குறி ஸ்டிக்கர்களை எடுத்து மூன்று இடத்தில் ஒட்டியிருந்தாள். சொட்டும் சமையலறைக் குழாய், மூடாத ஜன்னல் கொக்கி, பின்சுவரில் தலைமுடி போல ஓடிய ஒரு விரிசல். பிறகுதான் இது தன் மேசை இல்லை என்று நினைவு வந்தது. எடுத்துவிடுகிறேன் ஆச்சி என்று கையை நீட்டினாள்.

ஆச்சி தடுத்துவிட்டார். "இருக்கட்டும் ஆத்தா. இத்தன வருசமா எனக்கே கண்ணுல படல" என்று சிரித்தார்.

ஆனி முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது. ஆடி பிறந்துவிட்டால் ஒரு மாதத்துக்குப் புது வீட்டில் பால் காய்ச்ச முடியாது. வேலையோ ஆகஸ்டில், ஆடியின் நடுவில் தொடங்குகிறது. பால் காய்ச்சாத வீட்டில் குடியிருக்க கோமளாவுக்கு மனம் ஒப்பவில்லை. ஆச்சியும் அதையேதான் சொன்னார். ஆகவே அடுத்த வாரமே ஒரு நல்ல நாள் பார்த்து, நல்ல நேரத்தில், ஆச்சி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒப்பந்தம் விரிக்கப்பட்டது. இரண்டு வருட ஒப்பந்தம். கோமளா ஒவ்வொரு பக்கத்தையும் சட்டையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பதினான்காவது விதியில் நின்றாள். முதல் பன்னிரண்டு மாதம் முடியும்வரை வாடகைக்கு இருப்பவர் ஒப்பந்தத்தை முறிக்க முடியாது. அதன் பிறகும் இரண்டு மாதம் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். முறித்தால் முன்பணம் திரும்பாது.

கையெழுத்துப் போட்ட பிறகு மனசு மாறினால் என்ன செய்வது என்று கேட்டாள். சும்மாதான் கேட்டாள். இத்தனை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று வீட்டு வாடகைக்கு இங்கே ஒரு சட்டமும் கிடையாது, வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டால்தான் உண்டு என்று குணாளன் விளக்கினான். கோமளா கையெழுத்துப் போட்டாள்.

பால் காய்ச்ச அண்ணனைக் கூப்பிட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. முதல் நாள் இரண்டு முறை தொலைபேசியைக் கையில் எடுத்தாள். ஹாஸ்டல் என்று சொன்னது குறுக்கே நின்றது. ஆடி முடியட்டும், எல்லாரையும் வரவழைத்து இலை போட்டுச் சாப்பாடு போடலாம், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தொலைபேசியை வைத்துவிட்டாள். அவள் செய்த தவறு இதுதான். பின்னால் எத்தனையோ முறை அவள் அந்த நிமிடத்துக்குத் திரும்பிப் போனாள்.

மறுநாள் காலை ஆச்சி மட்டும் வந்தார். புதிதாக வாங்கிய சின்னப் பால் சட்டியில் பால் பொங்கியது. ஆச்சி மனசார வாழ்த்தினார். குணாளன் சாவியைக் கொடுக்க வந்தவன், கையில் சாவியுடன் நில்லுங்க அக்கா என்று ஒரு படம் எடுத்தான். வீடு கொடுத்ததையெல்லாம் படம் எடுத்து முகநூலில் போடுவது அவன் வழக்கம். பின்னால் பால் சட்டி தெரிய, கோமளா சாவியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு வரும் என்று அவளுக்கே தெரியாது.

அந்தப் படத்தை முதலில் பார்த்தது பெர்மாஸ் ஜெயாவிலிருந்து அதிக தூரமில்லாத லார்க்கினில் இருந்த விஜிதாவின் அக்கா. அன்று சாயங்காலம் கோமளா பஸ்ஸில் பத்து பாகாட் வந்து சேர்வதற்குள் படம் வீடு வந்து சேர்ந்துவிட்டது.

சிவகணேசன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்கு இலேசாக இருந்திருக்கும். அவர் கெட்ட மனிதரும் இல்லை. அப்பா இறந்தபோது தங்கைக்கு முதலில் அமையட்டும் என்று தன் கல்யாணத்தை ஆறு வருடம் தள்ளிப் போட்டவர். அவளுடைய ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு சிகாமட் வரைக்கும் அலைந்தவர். அமையவில்லை. அதைப் பற்றி ஒரு நாளும் அவளைக் குத்திக் காட்டியதில்லை. அன்று சாப்பாட்டை அளைந்துகொண்டே இருந்தவர், தட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"பால் காய்ச்சறதுக்குக்கூட என்னக் கூப்பிடணும்னு தோணலையா, கோமு?"

விஜிதா எழுந்து தண்ணீர் ஊற்றினாள். தங்கையை அண்ணன் வீட்டை விட்டு அனுப்பிவிட்டான் என்றுதான் சனம் பேசும் என்றார் சிவகணேசன். வேலைக்குப் போ, வேண்டாம் என்று சொல்லவில்லை. லார்க்கினில் விஜிதாவின் அக்கா வீட்டில் ஒரு அறை இருக்கிறது, அங்கே தங்கு. அந்த வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிடு என்றார். கோமளா தலையை அசைத்தாள். அது சரி என்ற அசைவா, கேட்டுக்கொண்டேன் என்ற அசைவா என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து அண்ணன் விசாரிக்கத் தொடங்கினார். அலுவலகத்தில் கூட வேலை செய்பவர் ஒருவரைக் கேட்டார். வக்கீல் ஆபீஸில் வேலை செய்யும் பழைய நண்பர் கமலநாதனைக் கேட்டார். எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். கையெழுத்துப் போட்டாகிவிட்டது, முத்திரையும் வைத்தாகிவிட்டது, ஒரு பக்கம் மட்டும் நினைத்தால் முறிக்க முடியாது. கடைசியில் குணாளனையே கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி தொலைபேசியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

"அலமாக், அண்ணே. சட்ட வாங்கிட்டு சைஸ் பத்தலன்னு மாத்துற மாதிரி இல்ல லா இது" என்றான் குணாளன் அலுத்துக்கொண்டு.

சமையலறையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்த கோமளாவின் கை நின்றது. ஒவ்வொருவரும் முடியாது என்று சொல்லச் சொல்ல அவளுக்கு நெஞ்சில் காற்று வந்தது. எனக்கு அந்த வீடு வேண்டும் என்று அவள் சொல்லத் தேவையே இல்லை. அவளுக்குப் பதிலாகத் தாள் சொல்லிக்கொண்டிருந்தது. அண்ணனை அவள் எதிர்க்கவில்லை. சட்டம்தான் இடம் கொடுக்கவில்லை. ஒப்பந்தத்தின் தன் பிரதியைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தாள். அந்த வாரம் பதினான்காவது விதியை எத்தனை முறை படித்தாளோ, மனப்பாடமாகிவிட்டது.

ஆனால் சிவகணேசன் விடவில்லை. முன்பணம் போனால் போகட்டும், நான் போட்டுக்கொள்கிறேன், அந்த அம்மாவை நேரில் பார்த்துக் கேட்போம் என்றார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் காரில் கிளம்பினார்கள். வழியில் ஆயர் ஹீத்தாமில் நிறுத்தி ஒரு கட்டு ரம்புத்தான் பழம் வாங்கினார். அதை கோமளா மடியில் வைத்துக்கொண்டாள். எறும்பு ஏறியது. தட்டிவிட்டுக்கொண்டே வந்தாள். ஆச்சி ஒத்துக்கொள்ளக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டாள். எந்தச் சாமியிடம் வேண்டுவது என்று தெரியாமல் எல்லாரிடமும் வேண்டிக்கொண்டாள்.

சிகப்பி ஆச்சி அவர்களைக் கூடத்தில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். சிவகணேசன் விஷயத்தைச் சொன்னதும் ஆச்சியின் முகம் கொஞ்சம் இறுகியது.

"கையெழுத்து போட்டாச்சே, தம்பி. ரெண்டு பேருந்தானே போட்டோம்."

கோமளா காப்பிக் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இன்னும் ஒரு தடவை இப்படிச் சொன்னால் போதும்.

அண்ணன் சட்டம் பேசவில்லை. அப்பா போன பிறகு தங்கையைத் தன் பொறுப்பில் வைத்திருந்ததைச் சொன்னார். இந்த வீட்டில் பால் காய்ச்சியது தனக்குத் தெரியாது என்பதைச் சொன்னார். அதைச் சொல்லும்போது குரல் உடைந்து, பேச்சை நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஐம்பது வயது ஆண் ஒருவர் தன் கூடத்தில் கண் கலங்குவதை ஆச்சி எதிர்பார்க்கவில்லை. கோமளாவும் எதிர்பார்க்கவில்லை. ஆச்சி அவள் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு, ஆத்தா. ஒனக்கு அந்த வீடு வேணுமா, வேணாமா?"

வேணும் என்பது மூன்றே எழுத்து. அவள் அண்ணனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சட்டைக் காலரின் ஓரத்தில் தையல் ஒரு விரல் நீளத்துக்கு விட்டிருந்தது அவள் கண்ணில் பட்டது. காலையில் அவள் அறையில்தான் அதைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"அக்ரிமென்ட்ல முடியாதுன்னுதானே ஆச்சி இருக்கு?" என்றாள் கோமளா. "பதினாலாவதுல."

அவளால் முடிந்தது அவ்வளவுதான். அந்த விதியை விரலால் சுட்டிக் காட்டுவதுபோல் சொன்னாள். ஆச்சி அதைப் பிடித்துக்கொண்டு முடியாது என்றுவிடுவார் என்று நம்பினாள். ஆச்சியோ அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதுக்குப் பயந்தா மொகம் இப்படி வெளுத்துக் கெடக்கு? அது என் மகன் எழுதச் சொன்னது. அந்தப் பேப்பர வெச்சா நான் ஒன்னயப் பிடிச்சு வெக்கப் போறேன்?"

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஆச்சி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, இரண்டு பேரும் மனம் ஒத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறோம் என்று சிவகணேசனையே எழுதச் சொன்னார். முன்பணத்தையும் முழுதாகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். அவ்வளவு நல்ல மனது அவருக்கு. வீட்டுக்காரர் கறாரானவராக இருக்க வேண்டும் என்று ஒருத்தி உள்ளுக்குள் கெஞ்சுவாள் என்று யாருக்குத்தான் தோன்றும்? கோமளா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

பால் சட்டி அந்த வீட்டில் இருந்தது. அதை எடுக்க அவள் மட்டும் போனாள். சமையலறைக் குழாய் சொட்டவில்லை. புதுக் குழாய் போட்டிருந்தது. ஜன்னல் கொக்கியை மாற்றியிருந்தார்கள். பின்சுவரில் விரிசல் இருந்த இடத்தில் சாந்து பூசி, இன்னும் ஈரம் காயாமல் இருந்தது. அவள் ஒட்டிய மூன்று அம்புக்குறிகளையும் யாரோ பத்திரமாக உரித்து அடுப்பு மேடையில் வரிசையாக ஒட்டி வைத்திருந்தார்கள். பத்து நாளுக்குள் இத்தனையும் நடந்திருந்தது. கோமளா படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். கொஞ்ச நேரம் நின்றாள். வெளியே கார் ஹாரன் ஒரு முறை கேட்டது. சட்டியை எடுத்துக்கொண்டு வந்து, சாவியை ஆச்சியிடம் கொடுத்தாள்.

திரும்பும் வழியில் குளுவாங் தாண்டியதும் அண்ணன் கேட்டார், உனக்கு வருத்தமா என்று. அதை அவள் மறைக்க மாட்டாள். அவர் கேட்டார். கேட்கவில்லை என்று அவர்மேல் பழி போட முடியாது. இல்லை அண்ணா என்று அவள்தான் சொன்னாள். அவர் நிம்மதியாகப் பாட்டைச் சத்தமாக வைத்தார்.

ஆகஸ்டில் லார்க்கினுக்குப் போனாள். விஜிதாவின் அக்கா அன்பானவர். கொடுத்த அறையும் சுத்தமான அறைதான். அதில் ஜன்னல்கூட உண்டு. வாரத்துக்கு இரண்டு நாள் துணி காயப்போடும் கம்பி ஸ்டாண்டு அந்த அறைக்குள் வரும். சாவி வாசலில், செருப்பு அலமாரிக்கு அடியில் எல்லாருக்கும் பொதுவாக இருக்கும். வேலையில் கோமளாவுக்கு நல்ல பெயர். புதுப் பெண்கள் அவளைச் சுற்றி நின்று கற்றுக்கொண்டார்கள். தவறு கண்ணில் பட்டவுடன் ஒட்டிவிட வேண்டும், அடுத்த மேசைக்குப் போகட்டும் என்று விடக் கூடாது என்று சொல்லிக்கொடுப்பாள். சொல்லும்போது சில சமயம் பாதியில் நிறுத்திவிடுவாள்.

தீபாவளிக்கு சிகப்பி ஆச்சி கூப்பிட்டார். கோமளா பத்து பாகாட்டிலேயே இருக்கிறாள் என்று அவர் நினைத்திருந்தார். லார்க்கினில் இன்னொருவர் வீட்டில் தங்கி அதே வேலைக்குத்தான் போகிறாள் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. அப்படியானால் ஏன் வீட்டை விட்டாய் என்று கேட்டார். தொலைபேசியில் முகம் தெரியாததாலோ என்னவோ, கோமளா சொல்லிவிட்டாள். அன்றைக்கு நீங்கள் முடியாது என்று சொல்ல வேண்டும் என்றுதான் ஆச்சி நான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன் என்றாள்.

"அட கூறுகெட்டவளே" என்றார் ஆச்சி மெதுவாக. "வேணும்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, ஒங்க அண்ணன்கிட்ட நான் முடியாதுன்னு ஒத்தக் கால்ல நின்னிருப்பேனே."

அந்த வீட்டில் இப்போது யார் என்று மட்டும் கோமளா கேட்டாள். ஒரு இளம் தம்பதி, கைக்குழந்தையோடு என்றார் ஆச்சி. ஆவணியில் வந்து பால் காய்ச்சினார்கள்.

"அவங்கள எப்படி நான் எழுப்புவேன், ஆத்தா? கையெழுத்து போட்டிருக்கே. ரெண்டு வருசம்."

எழுப்பக் கூடாது ஆச்சி என்று கோமளா சொன்னாள். அதை மனதாரத்தான் சொன்னாள்.

கம்பெனி வேன் காலையில் லார்க்கினில் அவளை ஏற்றிக்கொண்டு பெர்மாஸ் ஜெயா வழியாகப் போகும். அங்கே கிருஷ்ணம்மா என்ற பெண் ஏற வேண்டும். அவள் நிற்கும் மூலையிலிருந்து பார்த்தால் ஆச்சியின் தெரு தெரியும். கோமளா பால் காய்ச்சிய வீட்டின் முன் ஜன்னலில் இப்போது மஞ்சள் திரை. கம்பியில் குழந்தைத் துணிகள். கிருஷ்ணம்மா ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. ஐந்து நிமிடம், சில நாள் பத்து நிமிடம். அதுவரை கோமளா அந்த மஞ்சள் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். டிரைவர் ஹாரன் அடிப்பார். பின்னால் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். நாளைக்கு விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று தினமும் யாராவது சொல்வார்கள்.

ஓடி வந்து ஏறும் கிருஷ்ணம்மா மூச்சு வாங்கிக்கொண்டே மன்னிப்புக் கேட்பாள். கோமளா ஜன்னல் ஓரத்திலிருந்து நகர்ந்து அவளுக்கு இடம் விடுவாள். பரவாயில்லை, மெதுவா வா என்று சொல்வாள்.